அண்ணன் முகத்தில் ஒட்டாத ஸ்டிக்கர்

ஜூன் 3, செவ்வாய்

அண்ணனோட நாற்பதாவது படத்துக்குத் தேதி சொல்லிவிட்டார்கள், ஜூன் 27, அந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஆம்புலன்ஸுக்கு ஈசிஜி மெஷினும் வந்து இறங்கிவிட்டது, நான் எதற்கு முதலில் குதிப்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்துக் குதித்துவிட்டேன்!

இது பூட்டிய பக்கம். நெருங்கிய நாற்பது பேருக்குத்தான் தெரியும், அதனால் இங்கே உண்மையை எழுதலாம். அண்ணன் என்றால் நடிகர் வேந்தன். நான் மோனிஷா, வெள்ளகோவில் ஆம்புலன்ஸில் டெக்னீஷியன். டியூட்டி இல்லாத நேரத்தில் வேந்தன் நெட் ரசிகர்கள் குரூப்புக்கு அட்மின்.

மெஷின் டிபன் கேரியர் அளவுதான். பத்து வயர். நெஞ்சில் ஆறு ஸ்டிக்கர், கை காலுக்கு நாலு. இதயத்தைப் பன்னிரண்டு பக்கமிருந்து பார்த்துக் கோடு போட்டுத் தரும். அதை வண்டிப் போனில் படம் பிடித்து அனுப்பினால் கட்டுப்பாட்டு அறை டாக்டர் பார்த்துச் சொல்வார். எங்களுக்குக் கொடுத்த பயிற்சி ஒரு மத்தியானம். அதில் பாதி டீ. மிச்சமெல்லாம் நானே வீடியோ பார்த்துப் படித்தது. மெஷினே இல்லாமல் இரண்டு வருஷம் ஈசிஜி படித்தவள் நான், கட்டிலில் குப்புறப் படுத்து நீச்சல் பழகின மாதிரி.

டிரைவர் குழந்தைசாமி அண்ணன் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் சீரியல் தெரியுமா என்று கேட்டார்.

ஜூன் 6, வெள்ளி

மெஷினுக்கு முதல் ஆள் கிடைத்துவிட்டார். தேங்காய்க் களத்துக்காரர், அறுபது வயதிருக்கும், நெஞ்சு வலி.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நெஞ்சு வலிக்கு ஒரே பேர்தான்: வாயு. சோடா குடித்து ஏப்பம் வந்தால், பாத்தியா வாயு. ஏப்பம் வரவில்லையென்றால், பாத்தியா வாயு அடைச்சிருக்குது. வந்தாலும் அதுதான், வராவிட்டாலும் அதுதான் என்றால் எதற்கு ஐயா அந்தச் சோடா?

போனபோது வீட்டில் ஊரே இருந்தது. ஆள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு கிடக்கிறார். யாரும் நகரவில்லை. ஏனென்றால் முத்தூரிலிருந்து மச்சான் வரவேண்டுமாம், எந்த ஆஸ்பத்திரி என்று மச்சான்தான் முடிவு செய்வாராம். மச்சான் டாக்டரா என்று கேட்டேன். இல்லை, எண்ணெய் மில்.

ஸ்ட்ரெச்சரை இறக்குவதற்குள் பெரியவர் எழுந்து, துவைத்த வேட்டி மாற்றிக்கொண்டு, நடந்தே வண்டிக்கு வந்துவிட்டார். நெஞ்சு வலிக்காரரை ஓரடிகூட நடக்கவிடக் கூடாது. இவர் வாசல் தாண்டி, மாட்டுக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருகிறார்.

சட்டையைத் திறந்தால் நெஞ்சு முழுக்கத் தைலம். ஒருத்தர் தேய்த்தது இல்லை, வந்த சொந்தபந்தம், உறம்பரை எல்லாம் ஆளுக்கொரு தடவை தேய்த்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் கெண்டை மீன் மாதிரி வழுக்குகிறது. துணியால் துடைத்துத் துடைத்து ஒட்டினேன். கோடு வந்தது. வீடியோவில் ஆயிரம் தடவை பார்த்த அதே படம்: இறங்க வேண்டிய கோடு இறங்காமல் மேலேயே நிற்கிறது. இதயத்துக்குப் போகும் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். டாக்டர் ஆஸ்பிரினைச் சப்பித் தின்னக் கொடுக்கச் சொன்னார். பெரியவர் மனைவி, வெறும் வயிற்றில் மாத்திரையா என்று என் கையைப் பிடித்தார்.

பாதி வழியில் மச்சான் பைக்கில் துரத்தி வந்து வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். குழந்தைசாமி அண்ணனுக்குக் காது கேட்கவில்லை, கண்ணும் தெரியவில்லை. வேண்டும்போது அவருக்கு அப்படி ஆகிவிடும்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஊரில் என்ன பேச்சு தெரியுமா? தைலம் தேய்த்ததால் தாங்கினாராம்.

ஜூன் 11, புதன்

மன்றத்துக்காரர்களைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுதும் அளவுக்கு அவர்கள் ஒன்றும் செய்ததில்லை. இன்று செய்துவிட்டார்கள்.

வேந்தன் ரசிகர் மன்றத் தலைவர் சென்னியப்பன். ஐம்பது வயது. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கட்அவுட், பால், பட்டாசு, மேளம், இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த ரசனை. அண்ணன் எந்தப் படத்தில் எந்த ஷாட்டில் கண்ணிமைக்காமல் நடித்தார் என்று கேட்டால் தெரியாது. எங்களை அவர் “செல்லுல படம் பாக்குற கூட்டம்” என்பார். நாங்கள் அவர்களைப் பால் பாக்கெட் என்போம்.

ரிலீஸுக்காகத் தலைவர் இடது நெஞ்சு முழுக்க அண்ணன் முகத்தைப் பச்சை குத்தியிருக்கிறார். தோள்பட்டைக்குக் கீழே முடி ஆரம்பித்து விலா வரைக்கும் தாடை. சட்டையைக் கழற்றி, நெஞ்சை நிமிர்த்தி, போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார். குத்தினவர் அண்ணனை எங்கே பார்த்தாரோ. மீசை மட்டும்தான் ஒத்துப்போகிறது.

சும்மா இருக்க முடியுமா? கடை வாசலில் கட்டித் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணிக்காயின் படத்தைப் பக்கத்தில் வைத்து, “அண்ணனைக் கேட்டேன், பூசணியைக் குடுத்தாங்க” என்று போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஜூன் 12, வியாழன்

மீம் பிச்சுக்கிட்டுப் போகிறது. திருநெல்வேலியிலிருந்தெல்லாம் சிரிக்கிறார்கள். திறமை என்றால் திறமைதான்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் காட்சி டிக்கெட் எல்லாம் மன்றத்தின் கையில். வேறு வழியில்லாமல் எங்கள் குரூப்புக்குக் கேட்கத் தலைவர் பட்டறைக்குப் போனேன். அவர் மனைவி அம்சவேணி அக்கா, வா கண்ணு என்று ஸ்டூல் போட்டார். அவர் மீம் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

தலைவர் ஒரு போர்வெல் மோட்டாரைத் தூக்கிப் பலகையில் வைத்துவிட்டு, அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. உள்ளங்கையால் நெஞ்சு நடுவில் அழுத்திக்கொண்டார். விரலால் இல்லை, முழுக் கையால். வண்டியில் ஏறுகிறவர்களிடம் கேட்கும் கேள்வி என் வாயில் தானாக வந்துவிட்டது.

“தலைவரே, நோவு எப்பெப்ப வருது?”

“ஏனுங், அடுத்த பூசணிப் படத்துக்கு வசனம் வேணுங்களா?”

பார்த்திருக்கிறார்.

நான் விடவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கினேன். மோட்டார் தூக்கினால் வருகிறதாம், கட்அவுட் சாரத்தில் ஏறினால் வருகிறதாம், இறக்கி வைத்து உட்கார்ந்தால் போய்விடுகிறதாம். இடது கை உள்பக்கமாகக் கனக்கிறதாம். சர்க்கரை இருக்கிறதாம், மாத்திரை ரிலீஸ் வேலையில் மறந்துபோகிறதாம். இதற்கெல்லாம் அவரிடம் ஒரே விளக்கம்: பச்சை குத்தின இடம் இழுக்குது. குத்தினவரும் கொஞ்ச நாள் வலிக்கும் என்று சொல்லியிருக்கிறாராம். மன்றமே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. நெஞ்சு வலியை வாயு என்று சொல்லும் ஊரில் இவர்கள் ஒரு படி மேலே போய் அதற்கு அண்ணன் பேரையே வைத்துவிட்டார்கள். அண்ணனுக்காகத் தாங்கும் வலியாம், அதில் பெருமை வேறு.

“தோல் வலின்னா உக்காந்தாலும் வலிக்கணும் தலைவரே. உக்காந்தா விடுற வலி தோலோடது இல்ல.”

“அப்ப வாயு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மோட்டாரை நானே தூக்கியிருப்பேன்.

இங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள், பெண்கள் முன்னால் கூச்சமாக இருந்தால் ஆண்கள் எடுப்பார்கள் என்றேன். அவருக்குக் கூச்சமில்லை. பச்சை குத்தின புண்ணில் காய்ந்த பொக்கு இன்னும் உதிரவில்லையாம். ஸ்டிக்கர் ஒட்டிப் பிடுங்கினால் அண்ணன் முகம் பிய்ந்துவிடுமாம்.

“அதையும் போட்டோ புடிச்சு ஊருக்குக் காட்டுவீங்கொ. ரிலீசு முடியட்டுங், அம்மிணி. பொறகு எங்க வேணா ஒட்டிக்கலாம்.”

டிக்கெட் கேட்காமலேயே வந்துவிட்டேன். திமிர் பிடித்த மனுஷன். எனக்கென்ன.

ஜூன் 18, புதன்

அம்சவேணி அக்காவிடம் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். டிக்கெட் விஷயமாகத்தான்.

ஜூன் 22, ஞாயிறு

லீவு இல்லை. ரிலீஸ் அன்று எனக்குக் காலை டியூட்டி. குழந்தைசாமி அண்ணன், வண்டியிலேயே தியேட்டர் வாசலில் நிற்கலாம், பாட்டாவது கேட்கும் என்று ஆறுதல் சொன்னார்.

ஜூன் 24, செவ்வாய்

அம்சவேணி அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் டிக்கெட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தலைவர் இப்போதெல்லாம் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தடவை நின்று வருகிறாராம். நேற்று மூச்சு முட்டித் தலையணை இரண்டு வைத்துப் படுத்தாராம். ஆஸ்பத்திரி என்றால், படம் வரட்டும் என்கிறாராம்.

தியேட்டருக்கே போனேன். கட்அவுட்டின் தோள் உயரத்தில் தலைவர் நின்று மாலைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். கீழே வாங்க என்றேன். மேலே இருந்தபடியே, பூசணிக்காய் வந்திருக்குது பாரு என்று பக்கத்து ஆட்களிடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பேன், அவர் இறங்கும்போது ஒவ்வொரு கட்டைக்கும் நின்று மூச்சு வாங்கியதைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

ஜூன் 27, வெள்ளி

படம் வந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஒன்பது மணிக் காட்சி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. தியேட்டர், ஆண், மயக்கம். குழந்தைசாமி அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அண்ணன் திரையில் முதலில் வரும் இடத்தில் தலைவர் திரைக்கு முன்னால் ஆடியிருக்கிறார். ஆடிக்கொண்டே மண்டியிட்டிருக்கிறார். அப்படியே தலையைத் தரையில் வைத்திருக்கிறார். அண்ணனைக் கும்பிடுகிறார் என்று எல்லாரும் விசில் அடித்து அவர் மேல் பேப்பர் தூவியிருக்கிறார்கள். பாட்டு முடியும்வரைக்கும் தூவியிருக்கிறார்கள். ஒரு மன்றமே சுற்றி நிற்கிறது, கிடக்கிறவர் ஏன் எழவில்லை என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர்தான் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறார்.

நான் போனபோது சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். சோடா கொடுத்திருந்தார்கள், சந்தேகமே வேண்டாம். முகம் சாம்பல் நிறம். வேர்வையில் கலர் பேப்பர் ஒட்டியிருந்தது. நினைவு இருந்தது. நெஞ்சு நடுவில் யானை மிதித்த மாதிரி, தாடை வரைக்கும் ஏறுகிறது என்றார். தானே எழுந்து நடக்கப் பார்த்தார். தோளை அழுத்தி உட்கார வைத்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம்.

சுற்றிலும் செல்போன் வெளிச்சம். எல்லாம் வீடியோ எடுக்கிறது. பிடித்திருந்த கைகளில் பாதி என் குரூப் ஆட்கள். செல்லை உள்ளே வைங்கடா என்று கத்தினேன். ஒருத்தன், அட்மின், நல்ல ஆங்கிள் என்றான். அவனை அங்கேயே குரூப்பை விட்டு நீக்கியிருப்பேன், கை காலியாக இல்லை.

வண்டிக் கதவு சாத்தியதும் சட்டைப் பட்டனில் கை வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையிலும் நல்ல பிடி.

“போட்டோ வேண்டாங், அம்மிணி.”

என் செல்லை எடுத்து முன்பக்கம் குழந்தைசாமி அண்ணனிடம் கொடுத்தேன். தலைவர் பார்க்கிற மாதிரிதான் கொடுத்தேன். பிறகு பிடி தளர்ந்தது.

பச்சை பளபளப்பாகத் தெரியட்டும் என்று காலையில் தேங்காய் எண்ணெய் பூசியிருக்கிறார். மேலே வேர்வை. ஸ்டிக்கர் ஒன்றுகூட நிற்கவில்லை. துணியால் அழுத்தித் துடைத்தேன். சர்க்கரையால் ஆறாமல் கிடந்த பொக்கு பெயர்ந்து ரத்தம் கசிந்தது. பச்சையில் இருந்த அண்ணன் நெற்றியில் ஒன்று, மூக்கோரம் ஒன்று ஒட்டினேன். அடுத்தது விழ வேண்டிய இடம் சரியாக இடது கண்.

“கண்ணுல ஒட்டாதீங்.”

ஒரு விரல் அளவு தள்ளி ஒட்டியிருக்கலாம். தள்ளினால் வரும் கோடும் தள்ளிப்போகும். கண்ணிலேயே ஒட்டினேன். அவர் தன் கண்ணை மூடிக்கொண்டார்.

கோடு வந்தது. இதயத்தின் முன்பக்கத்தைக் காட்டும் நாலு கோட்டிலும் மேலே நின்றது, தேங்காய்க் களத்துக்காரருக்கு வந்ததைவிட உயரமாக. வண்டிப் போனில் அனுப்பினேன். டாக்டர் உடனே கூப்பிட்டார். மாத்திரையைச் சப்பச் சொன்னார், தாலுகா ஆஸ்பத்திரியில் அடைப்பைக் கரைக்கும் ஊசியைத் தயாராக வைக்கச் சொல்கிறேன் என்றார். தலைவர் மாத்திரையைக் கடித்து முகத்தைச் சுளித்தார். பாதிப் படத்தில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள், கதை என்னவென்று யார் சொல்வது என்று கேட்க ஆரம்பித்தார். “யாரு” என்பதோடு நின்றுபோனது.

மெஷினில் கோடு இல்லை, கிறுக்கல். இதயம் அடிக்காமல் நடுங்கிக்கொண்டிருக்கிறது.

இதை நான் வீடியோவில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. நேரில் இதுதான் முதல் தடவை. குழந்தைசாமி அண்ணன் ஓரம் கட்டிப் பின்னால் ஏறி வந்து நெஞ்சை அழுத்தினார். வண்டியில் எப்போதும் இருக்கும் ஷாக் மெஷினின் இரண்டு பட்டைகளை ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர்களைப் பிய்த்து எறிந்தேன், எண்ணெயை என் ஷாலால் துடைத்தேன், ஒட்டினேன், விலகச் சொன்னேன், பட்டனை அழுத்தினேன். உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப்போட்டது. மறுபடியும் நெஞ்சை அழுத்தினோம். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. திட்டிக்கொண்டே இருந்தேன் என்று குழந்தைசாமி அண்ணன் சொல்கிறார், தலைவரே எழுந்திருங்க, நீங்க இல்லாம நான் யாரோட சண்டை போடுறது என்று கேட்டேனாம். அவர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

தலைவர் இருமினார். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார்.

“இன்டர்வெல் விட்டாச்சுங்களா?”

ஜூன் 28, சனி

ஊசி நேரத்துக்குப் போட்டுவிட்டார்கள். கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பார்த்ததில் மூன்று குழாயிலும் அடைப்பு, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஷாலில் எண்ணெய்க் கறை போகவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

லீவு கேட்டுப் போய்ப் பார்த்து வந்தேன். தலைவர் படுத்திருந்தார். மன்றத்தார் மூன்று பேர் வந்து படத்தின் கதையை மூன்று விதமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், நான் சரியானதைச் சொல்வேன் என்று காத்திருந்தாராம். நானும் பார்க்கவில்லை என்றேன். நம்பவில்லை. பச்சையில் அண்ணனுக்கு இடது கண் இருந்த இடத்தில் வட்டமாகச் சதை தெரிந்தது. அம்சவேணி அக்கா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. தலைவருக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். எளிதில் கிடைக்காத வகை. பால் ஊற்ற வரிசையில் நின்ற மன்றத்தில் ஒரே ஒருத்தருக்குத்தான் அது இருக்கிறது. அவரும் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர், அவரிடம் எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஷாக் கொடுத்து மீட்ட உயிர் இப்போது அந்த ரத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் பொதுவில் போடட்டுமா என்று தலைவரிடமே கேட்டேன். பூசணிக்காயையே போட்டாச்சு, இதையும் போடுங்க என்றார். அதனால் இன்றோடு இந்தப் பக்கத்தின் பூட்டைத் திறந்துவிட்டேன். ஜூன் 3 முதல் எதையும் அழிக்கவில்லை.

மீமை நீக்கிவிட்டேன். நீக்கியும், நேற்று கரூர் குரூப் ஒன்றிலிருந்து அது எனக்கே வந்து சேர்ந்தது, சிரிக்கும் பொம்மை நாலு சேர்த்து. யார் அந்த நெஞ்சு, அதற்குள் என்ன நடக்கிறது என்று அதை அனுப்பின நீங்கள் ஒருத்தரும் யோசித்திருக்க மாட்டீர்கள். விரல் தானாகப் போயிருக்கும். ஆயிரக்கணக்கில் போயிருக்கிறது.

அதே விரலால் இதையும் அனுப்புங்கள். ஓ நெகட்டிவ், வியாழன் மாலைக்குள், கோயம்புத்தூர். பால் பாக்கெட், செல் கூட்டம், எதிர் நடிகர் ரசிகர், யாராக இருந்தாலும் வாங்க. உங்களுக்கு அந்த வகை இருந்தால் கீழே “வர்றேன்” என்று மட்டும் போடுங்கள், நானே கூப்பிடுகிறேன். இல்லையென்றால் பூசணிக்காயை எந்தெந்தக் குரூப்புக்கு அனுப்பினீர்களோ, ஒன்று விடாமல் அந்தந்தக் குரூப்புக்கே இதை அனுப்பிவிட்டு வந்து சொல்லுங்கள்.